இதயத்தின் இருப்புப்பாதை

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே அமைந்த எங்கள் சேக்காட்டில், இருப்புப்பாதை ஊரின் ஓரத்திலே ஓடுகிறது. ஊராரின் பேச்சிலோ நடுவிலே ஓடுகிறது. வண்டி வந்தது, வண்டி போயிற்று, வண்டி நின்றுவிட்டது. விடியல் முதல் நள்ளிரவு வரை இதுவே செய்தி. தடம் சரியாக இருந்தால் எவரும் அதை எண்ணுவதில்லை. தடத்தில் ஓரிடம் பழுதுபட்டால் ஊரே தடுமாறுகிறது.

அந்தப் பாதையின் பிறப்பைத்தான் அன்று எட்டாம் வகுப்பிலே கூறிக்கொண்டிருந்தேன். 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணி இரயில் ஓடியது. அந்தத் தடம்தான் இன்றும் நம் ஊரை ஒட்டிச் செல்கிறது என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“சார், இதயத்துக்குள்ளேயும் லைன் இருக்குமா? எங்க அம்மாவுக்கு இடது பக்க லைன் பிளாக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

வகுப்பு சிரித்தது. சிறுவன் சிரிக்கவில்லை. அவன் கையிலே மடித்து மடித்து நைந்துபோன இ.சி.ஜி. தாள் ஒன்று இருந்தது.

அந்தத் தாயை நான் அறிவேன். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி, மகனைப் பள்ளிக்கு அனுப்புபவர். மாதக்கணக்கில் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரிலே சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கினார். வீட்டார் என்ன கூறினர்? “வயசாகுது” என்றார் ஒருவர். “ரத்தம் கம்மி” என்றார் மற்றொருவர். “விதி” என்று முடித்துவிட்டார் மூன்றாமவர். நாற்பத்தைந்து வயதுக்கு விதி என்று பெயர் சூட்டிவிட்டார்கள்! இதயத்தின் மின்துடிப்பைத் தாளிலே எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களுக்குப் பல மாதங்கள் காத்திருந்தார் அந்த அம்மையார்.

நான் கலைப்பட்டம் பெற்றவன், மருத்துவம் பயின்றவனல்லன். ஆயினும் அந்தச் சிறுவனின் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. வரலாறு என் பாடம். ஆகவே விடை கூற நான் கடமைப்பட்டவன்.

தவளை தந்த சான்று

இதயத்திலே மின்சாரம் இருக்கிறது என்று முதலில் சொன்னது எந்த ஏடுமன்று, ஒரு தவளை. இத்தாலியின் பொலோனா நகரிலே லூயிஜி கால்வானி, தவளையின் கால் தசை மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கண்டு, 1791இல் அதை நூலாக வெளியிட்டார். வெளியிலிருந்து பாயும் மின்சாரம் தசையை அசைக்கும், சரி. தசையே மின்சாரத்தைப் பிறப்பிக்குமா? 1856இல் ஜெர்மனியிலே கோலிக்கர், முல்லர் என்னும் இருவர் அதையும் சோதித்தனர். தவளைக் கால் ஒன்றின் நரம்பை, துடிக்கும் இதயத்தின்மீது வைத்தனர். இதயம் ஒவ்வொரு முறை துடித்தபோதும் கால் துள்ளியது! இதயம் தானே மின்சாரத்தை ஆக்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அதே 1856இல்தான் நம் ஊரோரம் முதல் இரயில் ஓடியது. வெளியே ஒரு பாதை போடப்பட்ட ஆண்டிலேயே, உள்ளே ஒரு பாதை இருக்கிறது என்பதற்கும் துப்புக் கிடைத்தது.

அந்தப் பாதையைக் கண்டறிந்தவர்கள் ஒரே நாட்டினர் அல்லர். இதயத்தின் உட்சுவரிலே பரவிக்கிடக்கும் மெல்லிய இழைகளை 1839இல் விவரித்தவர் செக் நாட்டுப் புர்கின்யே. மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு இறங்கும் கற்றையை 1893இல் ஜெர்மனியிலே கண்டவர் வில்ஹெல்ம் ஹிஸ். அந்தக் கற்றையின் தொடக்கத்திலே ஒரு முடிச்சு உண்டு என்று 1906இல் காட்டியவர், ஜப்பானிலிருந்து ஜெர்மனிக்குப் பயிலவந்த சுனாவோ தவாரா. துடிப்பு பிறக்கும் இடத்தை, அகழெலியின் சின்னஞ்சிறு இதயத்தை ஆராய்ந்து கண்டு, 1907இல் வெளியிட்டவர்கள் இங்கிலாந்தின் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் பிளாக்கும். எலியின் இதயமும் எசமானனின் இதயமும் ஒரே முறையிலே துடிக்கின்றன. உயர்ந்த இதயம், தாழ்ந்த இதயம் என்ற பாகுபாடு அங்கே இல்லை.

பாதை இதுதான். வலது மேலறையின் உச்சியிலே துடிப்பு புறப்படுகிறது. மேலறைகளைக் கடந்து, நடுவிலுள்ள முடிச்சிலே கணநேரம் தயங்குகிறது. மேலறைகள் தம் குருதியைக் கீழே சேர்க்க அந்தத் தயக்கம் உதவுகிறது. பின்னர் ஹிஸ் கற்றை வழியே இறங்கி, வலக்கிளை, இடக்கிளை என இரண்டாகப் பிரிந்து, புர்கின்யே இழைகளில் பாய்ந்து, இரு கீழறைகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுப்புகிறது. இந்த இழைகளில் மின்னலை நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வரை விரைகிறது. பாதையை விட்டுத் தசை வழியே ஊர்ந்தாலோ நொடிக்கு ஒரு மீட்டர் செல்வதும் அரிது. முன்னது இருப்புப்பாதை, பின்னது வரப்பு வழி.

தாளிலே வந்த துடிப்பு

கண்ணுக்குத் தெரியாத அந்த மின்னலையைக் கண்ணுக்குக் காட்ட வேண்டுமே! 1887இல் இலண்டனிலே அகஸ்டஸ் வாலர், மனித மார்பைத் திறக்காமலே இதயத்தின் மின்னசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார். தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீரிலே நிறுத்தி அவர் செய்துகாட்டிய சோதனை, 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலே கேள்வியாகக்கூட எழுந்தது.

அவருக்குப் பின் வந்தவர் வில்லெம் ஐந்தோவன். ஜாவாத் தீவின் செமராங் நகரிலே 1860இல் பிறந்து, ஹாலந்தின் லெய்டன் நகரிலே பேராசிரியரானவர். வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையொன்றைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இதயத்தின் மின்னசைவுக்கேற்ப அது ஆடுவதைப் படமாக்கினார். அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ! இயக்குவதற்கு ஐவர் வேண்டும். நோயாளியோ கைகளையும் காலையும் உப்புநீர்ச் சாடிகளில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலவில்லை. ஆகவே 1905இல், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு அவரை நாடிவந்தது.

அலையின் ஏற்ற இறக்கங்களுக்கு அவர் சூட்டிய பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துகளே இன்றும் வழங்குகின்றன. அவற்றுள் க்யூ.ஆர்.எஸ். என்னும் கூர்முனையே நம் கதையின் நாயகன். கீழறைகள் இரண்டிலும் மின்னலை பரவி முடிய எவ்வளவு நேரமாகிறது என்பதை அதன் அகலம் சொல்லிவிடும். நலமுள்ள இதயத்திலே அது 120 மில்லி விநாடிக்கு, அதாவது ஏறத்தாழ நொடியின் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவு.

இடக்கிளை பழுதுபட்டால் என்ன நேரும்? வலது கீழறை வழக்கம்போல் எழுந்துவிடும். இடது கீழறைக்குச் செய்தி தசை வழியே ஊர்ந்து, தாமதமாகவே சேரும். நடுச்சுவர் சுருங்கும்போது எதிர்ச்சுவர் உறங்கும். எதிர்ச்சுவர் விழித்துச் சுருங்கும்போது நடுச்சுவர் தளர்ந்துவிடும். உடலெங்கும் செல்ல வேண்டிய குருதியில் ஒரு பகுதி அறைக்குள்ளேயே இங்குமங்கும் அலையும். தேர்வடத்தைச் சிலர் முன்னும் சிலர் பின்னுமாக இழுத்தால் தேர் நகருமா? உழைப்பு இருக்கும், பயன் இராது. நாளடைவிலே அறை விரியும், தசை தளரும், நுரையீரலிலே நீர் தேங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும். கூர்முனையோ 150, 160 என அகலும். இதயத் தளர்ச்சி உற்றவருள் நால்வரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இப்படி அகன்ற அலை உடையவர்கள். விதி என்று வீட்டார் கூறினார்களே, அந்த விதிக்கு அளவு இருக்கிறது, தோழர்களே! மில்லி விநாடியில் அளக்கலாம்.

ஊன்றுகோலே இடறியபோது

அளக்க முடிந்ததைத் திருத்தவும் முடியும் என்று துணிந்தனர் சிலர். 1952இல் பாஸ்டன் நகரிலே பால் சோல், மார்பின்மீது மின்வாய்களை வைத்து, நின்றுபோன துடிப்பைத் தூண்டினார். உயிர் மீண்டது, ஆனால் ஒவ்வொரு துடிப்பும் வலித்தது. மின்னியபோலிஸ் நகரிலே லில்லஹை, இதய அறுவை முடிந்த குழந்தைகளுக்குச் சுவர் மின்சாரத்தால் இயங்கும் கருவியை இணைத்துவந்தார். 1957 அக்டோபர் 31 அன்று நகரிலே மின்சாரம் நின்றது. அந்த இருளிலேதான் அதன் ஆபத்து வெளிச்சமாயிற்று. கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஏர்ல் பேக்கன், சில வாரங்களிலே டிரான்சிஸ்டரும் மின்கலமும் கொண்ட கையடக்கப் பெட்டியைச் செய்து தந்தார்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடன் நாட்டிலே, எல்ம்குவிஸ்ட் ஆக்கிய பேஸ்மேக்கர் என்னும் துடிப்புக் கருவியை அறுவை மருத்துவர் சென்னிங் ஒரு மனிதரின் உடலுக்குள்ளேயே பொருத்தினார். அவர் ஆர்ன் லார்சன், வயது 43. விடாமல் முயன்று இருவரையும் அதற்கு இணங்கச் செய்தவர் அவருடைய மனைவி எல்சே மரீ. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் கருவி மேல் கருவியாக, இருபதுக்கும் மேற்பட்டவற்றை மாற்றி மாற்றி, லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே மறைந்தனர்!

இங்கேயே கதை முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக்கதை. அறிவியலின் பெருமை வெற்றி பெற்றதில் மட்டும் இல்லை. வெற்றிக்குப் பின்னும் அளந்ததில் இருக்கிறது.

பேஸ்மேக்கரின் கம்பியைப் பல்லாண்டுகளாக வலது கீழறையின் நுனியிலே வைத்தனர். எளிதான இடம், உயிரும் காத்த இடம். ஆனால் அங்கிருந்து புறப்படும் மின்னலை இயற்கைப் பாதையிலே செல்வதில்லை. தசை வழியே ஊர்கிறது. வலப்புறம் முந்துகிறது, இடப்புறம் பிந்துகிறது. இ.சி.ஜி. தாளைப் பார்த்தால் இடக்கிளை பழுதுபட்டவரின் அலையைப் போலவே அகன்று கிடக்கிறது. பழுதைப் போக்க வந்த கருவியே அதே பழுதைப் படைக்குமா? ஐயுற்றனர்; அளந்தனர். 506 பேரிடம் நடந்து 2002இல் வெளியான டேவிட் என்னும் ஆய்வு விடை கூறியது. இதயம் ஏற்கெனவே தளர்ந்து, துடிப்பைத் தூண்டும் தேவை இல்லாதிருந்தவர்களை வலது கீழறையிலிருந்து இடையறாது தூண்டியபோது, சாவும் இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனை சேர்வதும் கூடின. தாம் தந்த ஊன்றுகோலே சிலரை இடறியது என்பதைத் தாமே கண்டுபிடித்து, தாமே ஊரறியச் சொன்னார்கள். தன் பிழையைத் தானே தேடும் துணிவு எங்கே இருக்கிறதோ அங்கே அறிவு வளர்கிறது.

இருபுறமும் ஒரே நேரம்

வலப்புறம் மட்டும் தூண்டினால் பிழை. அப்படியானால் இருபுறமும் தூண்டினால்? 1994இல் பிரான்சிலே செர்ஜ் கசோவும் தோழர்களும், தளர்ந்து விரிந்த இதயம் ஒன்றின் நான்கு அறைகளையும் இசைவாகத் தூண்டிக் காட்டினர். மார்பைத் திறக்காமலே, இதயத்தின் பின்புறமுள்ள சிரை வழியாக இடது கீழறைக்குக் கம்பியைச் செலுத்தும் வழியை 1998இல் டோபேர் குழுவினர் விளக்கினர். ஒரு கம்பி வலத்துக்கு, ஒரு கம்பி இடத்துக்கு, வேண்டுமாயின் மேலறைக்கும் ஒன்று. பிந்திய சுவரை முந்திய சுவரோடு சேர்த்து எழுப்புவதே நோக்கம். அதனால் இதை மீள்இசைவு மருத்துவம் எனலாம்.

பயன் என்ன? 2005இல் வெளியான கேர் எச்.எஃப். ஆய்விலே 813 பேர். மருந்து மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 30 பேர் மாண்டனர். மருந்தோடு கருவியும் பெற்றவருள் 20 பேர். நூற்றுக்குப் பத்து உயிர்! அலை குறுகியது, விரிந்த அறை சுருங்கியது, வெளியேறும் குருதியின் பங்கு கூடியது.

எல்லோருக்கும் பலித்ததா? இல்லை. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் போதிய பயன் கிட்டவில்லை. தசை வடுப்பட்ட இடத்திலே கம்பி அமைந்தால் பயன் குறையும். அலை அகலாதவருக்குப் பொருத்தினாலோ பயன் இல்லாததோடு கேடும் உண்டு: 130 மில்லி விநாடிக்குக் குறைந்த அலை உடையவரிடம் நடந்த எக்கோ சி.ஆர்.டி. ஆய்வு, 2013இல் கூடுதல் சாவையே காட்டியது. கருவி ஒன்றே, ஒருவருக்கு மருந்து, மற்றொருவருக்கு நஞ்சு. இரண்டையும் பிரித்தறியும் நீதிபதி யார்? அந்தத் தாளிலே உள்ள அலையின் அகலம்!

இங்கே மகளிரைப் பற்றி ஒரு சொல். இந்த மருத்துவத்தைச் சோதித்த மூன்று பெரிய ஆய்வுகளிலே கலந்துகொண்ட நாலாயிரத்துச் சொச்சம் பேரில் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அந்த மூன்றையும் ஒருங்கே வைத்து 2014இல் ஆராய்ந்தபோது தெரிந்தது என்ன? இடக்கிளை பழுதுபட்டு, அலை 130 முதல் 149 வரை அகன்றிருந்த பெண்களுக்குப் பயன் மிகுதி. அதே அளவுடைய ஆண்களுக்குப் பயன் தென்படவில்லை. ஆய்விலே குறைவாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கே கூடுதல் பயன்! பெண்ணின் மூச்சுத்திணறலை “வேலை அலுப்பு” என்று ஒதுக்கும் வீடுகள் சேக்காட்டில் மட்டுமா இருக்கின்றன? அளவுகோலை ஆணின் மார்போடு நிறுத்திவிட்டால் அறிவும் பாதியோடு நின்றுவிடும்.

இயற்கைத் தடத்துக்கே

இருபுறமும் தசையைத் தூண்டுவது மாற்றுவழிதான். பழுதுபட்ட இருப்புப்பாதையையே மீண்டும் பயன்படுத்த இயலாதா? 2000இல் பிரமோத் தேஷ்முக்கும் தோழர்களும், ஹிஸ் கற்றையிலேயே நிலையாகக் கம்பியைப் பொருத்திக் காட்டினர். 2017இல் சீனாவின் ஹுவாங் வெய்ஜியன் குழுவினர், திருகுமுனை கொண்ட கம்பியை நடுச்சுவருக்குள் திருகிச் செலுத்தி, பழுதுக்கு அப்பாலுள்ள இடக்கிளையைத் தொட்டனர். உடைந்த இடத்தைத் தாண்டி அடுத்த நிலையத்திலே வண்டியை ஏற்றிவிட்டார்கள் என்று என் மாணவர்களிடம் சொன்னேன், உடனே விளங்கிக்கொண்டார்கள்.

இந்தப் பணியிலே நம்மவர் பங்கும் சிறிதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே கெய்சிங்கர் மருத்துவ நிறுவனத்தைச் சார்ந்த புகழேந்தி விஜயராமன் தலைமையில் 15 மையங்கள் கூடி, 1778 நோயாளிகளின் நிலையை ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டன. இடக்கிளைப் பகுதியைத் தூண்டியவர்களிடம் அலையின் சராசரி அகலம் 161இலிருந்து 128 மில்லி விநாடியாகக் குறுகியது. இருபுறத் தூண்டலிலோ அது 144. வெளியேறும் குருதியின் பங்கு, முன்னவரிடம் நூற்றுக்கு 27இலிருந்து 41ஆக உயர்ந்தது. பின்னவரிடம் 27இலிருந்து 37ஆக உயர்ந்தது. சாவோ, இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனை சேர்வதோ நேர்ந்தது முன்னவருள் 20.8, பின்னவருள் 28 விழுக்காடு. ஆயினும் இது சீட்டுக் குலுக்கி இரு அணியாகப் பிரித்து நடத்திய சோதனை அன்று. ஆகவே தீர்ப்பாகக் கொள்ளாமல் வலுவான சான்றாகக் கொள்வதே முறை.

மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியிலே சண்முகசுந்தரம் பொன்னுசாமியும் தோழர்களும் கண்டது மிக நுட்பமானது. திருகுமுனை நடுச்சுவருக்குள் செல்லச் செல்ல, இடக்கிளையை நெருங்கும் வேளையிலே, தனித்த வடிவமுடைய துடிப்பு ஒன்று திரையிலே தோன்றும். அதுவே அடையாளம், அங்கே திருகுவதை நிறுத்து என்று இதயமே சொல்கிறது. 2021இல் அவர்கள் அதை உலகுக்கு அறிவித்தனர். வைகைக் கரையிலே கவனித்த ஒரு துடிப்பு, உலகெங்கும் மருத்துவரின் கைக்கு வழிகாட்டுகிறது!

நான்கு கட்டம், மூன்று கட்டம்

சிறுவனின் தாய்க்கு இருபுறத் தூண்டல் கருவி பொருத்தலாம் என்று மருத்துவர் கூறினார். உறவினர் ஒருவர், “உடம்புக்குள்ளே மிஷின் வெச்சா அப்புறம் மனுஷியே இல்லே” என்று அச்சுறுத்தினார். விலையோ இலட்சக்கணக்கில். காப்பீடு பாதி, கைவளையல் மீதி. அந்த அம்மையார் முடிவு செய்யுமுன் என்னிடம் கேட்டது ஒன்றே: “வாத்தியாரே, வெச்சது வேலை செய்யுதான்னு நாம எப்படித் தெரிஞ்சிக்கிறது?”

எவ்வளவு நேர்மையான கேள்வி! பட்டம் பெற்றவர்கள் பலர் கேட்க மறக்கும் கேள்வி.

கருவி பொருத்திய சில வாரங்களுக்குப் பின், சிறுவன் புதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். பழையதையும் புதியதையும் மேசைமீது விரித்தேன். இ.சி.ஜி. தாளிலே ஒரு மில்லி மீட்டர்ச் சிறுகட்டம் ஒவ்வொன்றும் 40 மில்லி விநாடி. அவன் அளவுகோலை வைத்தான். வகுப்பே சுற்றி நின்றது. பழைய தாளிலே நான்கு கட்டம். புதிய தாளிலே மூன்று கட்டம், ஒரு மயிரிழை கூட. “160, இப்போ 120க்குக் கொஞ்சம் மேலே, சார்” என்றான். எவரும் சிரிக்கவில்லை.

அலை குறுகியதாலேயே நோய் அகன்றுவிட்டது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அது நற்குறி மட்டுமே. மருந்து தொடர்கிறது, பரிசோதனையும் தொடர்கிறது. ஆனால் அரை ஆண்டுக்குப் பின் ஒரு நாள் அவன் வந்து, தாளிலே இல்லாத ஒரு சான்றைத் தந்தான்: “அம்மா இப்போ படுத்துத் தூங்கறாங்க, சார்.”

தோழர்களே, நம் தெருவிலே எத்தனை தாய்மார்கள் சுவரிலே சாய்ந்து உறங்குகிறார்களோ! மாடிப்படியிலே மூச்சு வாங்கினால், மாலையிலே கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், வயதென்றும் அலுப்பென்றும் விட்டுவிடாதீர். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அளக்கச் சொல்லுங்கள். அளந்த தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தாள் வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டங்களை எண்ணுங்கள். எண்ணுவதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.